டர்பன் கோடைச் சந்தை: புதிதாக வந்தவர்கள் கேட்கும் கேள்விகள்

சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் டர்பனுக்கு வேலைக்கு வரும் குடும்பங்கள் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் சூப்பர்மார்க்கெட்டை விட்டு வெளியே வருவதில்லை. பிளாஸ்டிக் தாளில் சுற்றிய பத்து வெண்டைக்காயைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடியே வாங்கிக்கொண்டு போகிறார்கள். கோயில் வாசலிலும் விருந்துகளிலும் அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. விலை எதையும் எழுதவில்லை. எழுதிய வாரமே அது பொய்யாகிவிடும்.

இங்கே கோடை என்றால் எந்த மாதங்கள்?

நவம்பர் முதல் மார்ச் வரை. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை உச்சம். ஊரில் மார்கழிக் குளிரில் கோலம் போடும் நாட்களில் இங்கே வியர்த்துக் கொட்டும். பொங்கலும் தைப்பூசமும் நடுக்கோடையில் வருகின்றன. ஆடிக் கூழ் ஊற்றுவது குளிர்காலத்தில். பஞ்சாங்கத்தை வைத்துக் காய்கறிக் கணக்குப் போட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. டர்பன் இருக்கும் க்வாஸூலு-நட்டாலில் மழையும் கோடையில்தான் பெய்கிறது. வெயிலும் மழையும் ஒன்றாக வருவதால் கொடிக்காய்களும் வெண்டையும் கத்தரியும் பொங்கி விளைகின்றன. அதே காரணத்தால் மென்மையான இலைகள் அழுகுகின்றன. சந்தையில் நீங்கள் காணும் ஏற்ற இறக்கங்களில் பாதிக்கு இந்த ஒரு விஷயமே விளக்கம்.

எந்தச் சந்தைக்குப் போவது?

முதலில் வார்விக் பகுதியில் இருக்கும் அதிகாலைச் சந்தை. பேருந்துகளும் மினிபஸ் டாக்சிகளும் வந்து சேரும் நகரின் பெரிய சந்திப்பு அது. மூலிகைச் சந்தை, பாசிமணிச் சந்தை என்று அதைச் சுற்றிப் பல சந்தைகள் உண்டு. காய்கறிக்கென 1934 முதல் அங்கே சந்தை நடக்கிறது. அதன் வேர் அதற்கும் முந்தியது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பனில் வந்து நின்றது. அதில் தொடங்கிக் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் பலர், ஒப்பந்தம் முடிந்ததும் ஆற்றோரத்திலும் சதுப்பு நிலத்திலும் துண்டு நிலம் பிடித்துக் காய்கறி போட்டார்கள். கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். நகரத்தின் காய்கறித் தேவையைத் தீர்த்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் அந்தத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்களைப் பெயர்த்து, இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வர்த்திலும் பின்னர் பீனிக்ஸிலும் கொண்டுபோய் வைத்தது. நிலம் போனது, வியாபாரம் போகவில்லை. 2009இல் இந்தச் சந்தையை இடித்து வணிக வளாகம் கட்ட நகராட்சி முனைந்தபோது வியாபாரிகள் தெருவிலும் நீதிமன்றத்திலும் எதிர்த்து நின்றார்கள். சந்தை இன்றும் அங்கேயே இருக்கிறது.

சாட்ஸ்வர்த்துக்கு அருகில் குடியிருந்தால் பங்களாதேஷ் மார்க்கெட் என்று அழைக்கப்படும் வார இறுதிச் சந்தை வசதி. வெள்ளியும் சனியும் களைகட்டும். நம் சமையலுக்கு வேண்டிய கறிவேப்பிலை, பாகற்காய், பீர்க்கங்காய், சுரைக்காய், மொச்சை வகைகள் ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வடக்குக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு வெருலமும் டொங்காட்டும் உண்டு.

விக்டோரியா தெருச் சந்தையையும் எல்லோரும் கேட்கிறார்கள். பழைய சந்தை 1973இல் எரிந்துபோனது. இப்போதிருக்கும் கட்டடம் 1990இல் வந்தது. அங்கே போக வேண்டியது மசாலாவுக்காக. ‘மாமியாரை ஒழிக்கும் தூள்’ என்று ஆங்கிலத்தில் பெயர் எழுதிய மிளகாய்த்தூள் குவியல்களைச் சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொண்டிருப்பார்கள். காய் வாங்க அது இடமில்லை.

சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஷோங்வேனியிலும், ஹோவிக் அருகே கார்க்லூஃபிலும் உழவர் சந்தைகள் நடக்கின்றன. ரொட்டி, பாலாடைக்கட்டி, காபி, குழந்தைகளுக்குப் புல்வெளி என்று பொழுது நன்றாகப் போகும். காயும் நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு வாரச் சாம்பாருக்கும் பொரியலுக்கும் அங்கே வாங்கினால் கை கடிக்கும்.

சந்தையில் விற்பவர்கள் எல்லாரும் தாங்களே விளைவிப்பவர்களா?

இல்லை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ‘பண்ணையிலிருந்து நேரடியாக’ என்று அட்டை எழுதி வைத்தால் போதும், நம்மவர்கள் மயங்கிவிடுகிறார்கள்.

டர்பனுக்குள் வரும் காயின் பெரும்பகுதி க்ளேர்வுட்டில் உள்ள நகராட்சி மொத்தச் சந்தை வழியாக வருகிறது. விவசாயி சரக்கை அனுப்புவார். ஏஜெண்ட் கமிஷனுக்கு விற்றுக் கொடுப்பார். தெருவோரம் கூறு கட்டி விற்கும் பெண்மணியும் விடியுமுன் அங்கே போய்ப் பெட்டி எடுத்து வந்தவராக இருக்கலாம். அதில் தவறு ஒன்றும் இல்லை. வடக்கே லிம்போப்போ மாகாணத்து மாம்பழமும் தெற்கே கேப் பக்கத்துத் திராட்சையும் வேறு எப்படி வந்து சேரும்?

தாமே விளைவித்தவரை அடையாளம் காண்பது எளிது. அவரிடம் நாலைந்து பொருள்தான் இருக்கும். அளவு ஒரே சீராக இருக்காது. கீரை வேரில் ஈரமண் ஒட்டியிருக்கும். ஒரே மேசையில் மாம்பழம், ஆப்பிள், காலிஃபிளவர், வெண்டை எல்லாம் இருந்தால் அது மொத்தச் சந்தைச் சரக்கு. ஜனவரியில் இவை நான்கும் ஒரே மண்ணில் விளையாது.

யார் விளைவித்தது என்பதைவிட எப்போது பறித்தது என்று கேளுங்கள் என்பதுதான் என் கட்சி. முப்பது டிகிரி வெயிலில் இரண்டு நாள் கிடந்த சொந்தத் தோட்டத்துப் பாகற்காயைவிட, நேற்று மாலை பறித்து இரவோடு இரவாக வந்த மொத்தச் சந்தைப் பாகற்காய் மேல். நல்ல வியாபாரி இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கமாட்டார். ‘இது நேற்றையது ஆன்ட்டி, அதை எடுங்கள்’ என்று தாமே பக்கத்துக் கூறைக் காட்டுபவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

வெயில் ஏறுமுன். கோடையில் டர்பனில் ஐந்து மணிக்கே விடிந்துவிடும்; ஆறரைக்குள் அங்கே இருந்தால் நல்லது. கீரை, கொத்தமல்லி, லிச்சி மூன்றும் ஒன்பது மணிக்குமேல் வாடத் தொடங்கும். பூசணி, வெங்காயம், உருளைக்கிழங்கு எந்நேரமும் வாங்கலாம். மூடும் நேரத்தில் போனால் மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். தக்காளித் தொக்குப் போடுவதற்கும் ஊறுகாய்க்கும் அந்த நேரம் ஏற்றது. வாரம் முழுக்க வைத்துக்கொள்ள வாங்குவதாக இருந்தால் வேண்டாம்.

எந்த மாதத்தில் எதை எதிர்பார்க்கலாம்?

நவம்பரில் மாங்காயும் முதல் லிச்சியும் தலைகாட்டும். டிசம்பரில் லிச்சி, மாம்பழம், தர்பூசணி, பச்சை மக்காச்சோளம்; கேப் பக்கத்திலிருந்து பீச், பிளம், திராட்சை. ஜனவரியும் பிப்ரவரியும் வெண்டை, கத்தரி, பாகல், பீர்க்கு, புடலை, சுரை, பச்சைமிளகாய்க்கு உரிய மாதங்கள். மார்ச்சில் கடைசி மாம்பழங்கள் வரும். சேப்பங்கிழங்கு வரத் தொடங்கும். இங்கே அதற்கு அமதும்பே என்று பெயர். ஸூலு மக்களுக்கும் நமக்கும் பொதுவான கிழங்கு. அன்னாசியும் வாழையும் ஆண்டு முழுவதும் உண்டு. அன்னாசியில் ஹ்லுஹ்லுவே பக்கத்துச் சிறிய குயீன் வகையைத் தேடுங்கள். அடிப்பக்கம் மணந்தால் எடுக்கலாம். பறித்தபின் அது இனிக்காது. வாங்கும்போது இருக்கும் இனிப்புதான்.

கோடையில் தேடி அலைய வேண்டாதவை: கொய்யா, ஆரஞ்சு வகைகள், நார்ட்சி என்னும் தோல் தளர்ந்த சிறு ஆரஞ்சு, பச்சைப் பட்டாணி, நல்ல காலிஃபிளவர். இவை குளிர்காலத்துப் பொருள்கள். வெண்ணெய்ப்பழமும் பெரும்பாலும் அப்படித்தான். ஜனவரியில் கிடைப்பதற்கு நகைக்கடை விலை சொல்வார்கள்.

லிச்சியை எப்படிப் பார்த்து வாங்குவது?

தமிழ்நாட்டில் லிச்சியோடு அதிகப் பழக்கம் இல்லாததால் இந்தக் கேள்வி எல்லோரிடமும் வருகிறது. 1870களில் மொரீஷியஸிலிருந்து நட்டாலுக்கு வந்த மரம் இது. இன்றும் பரவலாகப் பயிராகும் வகைக்கு மொரீஷியஸ் என்றே பெயர். மெக்லீன்ஸ் ரெட் என்ற வகையும் உண்டு. வடக்கே இம்பூமலாங்கா, லிம்போப்போ மாகாணச் சரக்கு முதலில் வரும். கடற்கரைப் பக்கத்து லிச்சி கிறிஸ்துமஸை ஒட்டி வந்து ஜனவரியில் முடியும். டர்பன் வீடுகளில் கிறிஸ்துமஸ் விடுமுறை என்றாலே மேசைமேல் லிச்சித் தோல் குவிந்திருக்க வேண்டும்.

தனிப்பழமாகப் பெட்டியிலும், கிளையோடு கொத்தாகக் கயிறு கட்டியும் விற்பார்கள். கொத்தை எடுங்கள். கொத்தில் இலை இருக்கும், இலை பொய் சொல்லாது. கரும்பச்சையாக வளைந்து கொடுத்தால் இன்றோ நேற்றோ வெட்டியது. விரலிடையில் நொறுங்கினால் இரண்டு மூன்று நாளாகிவிட்டது. பிறகு பழத்தைப் பாருங்கள். தோலின் முட்கள் கூராக நெருங்கியிருந்தால் இன்னும் முற்றவில்லை. முட்கள் சற்றுத் தட்டையாகித் தோல் விரிந்து பளபளத்தால் உள்ளே சதை நிறைந்திருக்கிறது. காம்படியில் பச்சை இருப்பது பரவாயில்லை, முழுப்பழமும் பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். மரத்திலிருந்து பறித்தபின் லிச்சி பழுப்பதில்லை. ‘வீட்டில் வைத்தால் இனிக்கும்’ என்று யாராவது சொன்னால் புன்னகைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். வெடித்த பழம், அழுத்தினால் நீர் கசியும் பழம், புளித்த வாடை இவற்றைக் கண்டால் கொத்தையே கீழே வையுங்கள்.

வெளியே வைத்தால் ஓரிரு நாளில் தோல் பழுப்பாகும். ஈரம் ஆவியாவதால் வருவது அது. உள்ளே சதை கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. கழுவாமல், காம்பை ஒட்ட வெட்டி, பையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாக இருக்கும்.

குழந்தைகளுக்கு லிச்சி ஆபத்து என்று படித்தோமே?

பீகாரின் முசாபர்பூரில் லிச்சிப் பருவத்தில் குழந்தைகள் இறந்த செய்தி அது. 2014ஆம் ஆண்டுப் பாதிப்பை ஆராய்ந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. லிச்சியில் இயற்கையாக உள்ள சில நச்சுப்பொருள்கள், இரவுச் சாப்பாடு இல்லாமல் இருந்த குழந்தைகளின் இரத்தச் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிட்டன என்பது அதன் முடிவு. ஆகவே வெறும் வயிற்றில் கூடைக் கணக்கில் தின்ன விடாதீர்கள், பழுக்காத பழத்தைக் கொடுக்காதீர்கள். சாப்பிட்ட குழந்தை பத்துப் பழம் தின்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை. கொட்டை விஷயத்தில் மட்டும் கவனம்: வழவழப்பானது, சிறு குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். உரித்துக் கொட்டை நீக்கிக் கொடுங்கள்.

மாம்பழம் ஊர் மாம்பழம் போல இருக்குமா?

இருக்காது. மல்கோவாவையும் பங்கனப்பள்ளியையும் மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். இங்கே தோட்டங்களில் அதிகம் நிற்பவை ஃப்ளோரிடாவில் உருவான வகைகள்: டாமி அட்கின்ஸ், கென்ட், கீட், சென்சேஷன். ஹைடி என்பது இந்நாட்டிலேயே உருவானது. பெரும்பாலும் லிம்போப்போவிலும் இம்பூமலாங்காவிலும் விளைபவை.

முதலில் வருவது டாமி அட்கின்ஸ். சிவந்து, கண்ணைப் பறிக்கும், அடிபடாமல் தாங்கும், சுவை சுமார். படம் எடுப்பதற்கு அது, சாப்பிடுவதற்குக் கென்ட் என்பேன். ஜனவரிக்குப் பின் வரும் கென்ட் பழுத்தாலும் பாதி பச்சையாகவே இருக்கும், நாரே இராது. கடைசியாக வரும் கீட் முழுப்பச்சையாகவே பழுக்கும். எனவே நிறத்தை நம்பாதீர்கள். காம்படியில் முகர்ந்து பாருங்கள். காம்பின் இருபுறமும் தோள் எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். தோள் எழும்பாத காயை எத்தனை நாள் வைத்தாலும் சுருங்குமே தவிர இனிக்காது. பழுக்கும்வரை குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும் கூடாது.

டர்பனின் பழைய வீட்டுக் கொல்லைகளில் நார் மாமரங்கள் இன்னும் நிற்கின்றன. சிறிய பழம், பல்லிடுக்கில் நார் மாட்டும், சாறு முழங்கை வரை வழியும். டிசம்பரில் வீட்டு வாசலில் வாளியில் வைத்து விற்பார்கள். கையில் உருட்டிக் கசக்கி உறிஞ்சிச் சாப்பிட அதற்கு ஈடு எதுவும் இல்லை.

ஊறுகாய்க்கு மாங்காய் எப்போது?

நவம்பரிலும் டிசம்பர் முதல் பாதியிலும். லிம்போப்போ மாங்காயில் நல்ல பங்கு பழமாகவே ஆவதில்லை. நேராக ஊறுகாய்ப் பட்டறைக்குப் போகிறது. ‘அச்சார்’ இங்கே நம்மவர் உணவு மட்டுமல்ல, நாடு முழுவதும் எல்லோரும் சாப்பிடுவது. கொட்டை முற்றி, சதை வெள்ளையாக, கத்தியில் கறுக்கென்று ஒடியும் காயைக் கேளுங்கள். உள்ளே மஞ்சள் ஓடியிருந்தால் ஊறுகாய் குழையும். பெட்டியாக எடுப்பதாக இருந்தால் முந்தின வாரமே சொல்லிவைப்பது நல்லது. காற்றில் ஈரம் அதிகம் உள்ள ஊர் இது. வெயிலில் காயவைக்கும்போது இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை இல்லாமல் இருக்குமா என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பார்களா?

ஊரிலிருந்து கொண்டுவந்த பயம் இது. இங்கே வாழைப்பழத்தைப் பெரிய அறைகளில் எத்திலீன் வாயு செலுத்திப் பழுக்க வைக்கிறார்கள். பழம் பழுக்கும்போது தானே வெளியிடும் வாயுதான் எத்திலீன். வீட்டில் மாங்காயை வைக்கோலிலோ காகிதத்திலோ மூடி வைக்கும்போது நடப்பதும் அதுவே. கழுவிச் சாப்பிடுங்கள், போதும்.

என்னென்ன கீரை கிடைக்கும்?

எதிர்பார்ப்பதைவிட அதிகம். சாட்ஸ்வர்த், வெருலம் பக்கத்து நம்மவர்கள் கீரையை ஆங்கிலத்தில் பொதுவாக ‘ஹெர்ப்ஸ்’ என்பார்கள். முருங்கைக்கீரை, புளிச்சக்கீரை, முளைக்கீரை எல்லாம் கட்டுக்கட்டாக வரும். ஸூலு பாட்டிமார் விற்கும் இமிஃபினோவையும் விட்டுவிடாதீர்கள். மழைக்குப்பின் வயலோரங்களில் தானாக முளைக்கும் கீரைகளின் பொதுப்பெயர் அது. அதில் இம்பூயா என்று ஒன்றைக் காட்டுவார்கள். கையில் வாங்கிப் பார்த்தால் நம் தண்டுக்கீரைக்கு நெருங்கிய உறவு. கடைந்து, கடுகும் மிளகாய் வற்றலும் தாளித்தால் வித்தியாசம் தெரியாது. பூசணிக் கொடியின் தளிரையும் கட்டி விற்பார்கள். அதன் தண்டில் நார் இருக்கும்; உரித்துவிட்டு நறுக்குங்கள்.

வாங்கும்போது ‘சாவுபோனா, கோகோ’ என்று வணக்கம் சொல்லிவிட்டுப் பிறகு ‘மலினி?’ என்று விலை கேளுங்கள். கோகோ என்றால் பாட்டி. நடுவயதுப் பெண்களை ‘மாமா’ என்றே அழைக்க வேண்டும். முதலில் நமக்குச் சிரிப்பு வரும், பழகிவிடும். வணக்கம் சொல்லாமல் நேரே விலைக்குப் போவது இங்கே மரியாதையாகாது.

டிசம்பர், ஜனவரியில் கொத்தமல்லி ஏன் இவ்வளவு விலை?

வெயில் ஏறினால் கொத்தமல்லி இலை விடுவதை நிறுத்திப் பூக்க ஓடும். தொடர்மழை வந்தால் கட்டு கட்டாக அழுகும். கோடையில் இரண்டும் நடக்கின்றன. பண்டிகைக் காலமும் சேர்ந்துகொள்ளும்போது ஒரு சின்னக் கட்டுக்குக் கேட்பதைக் கொடுக்க வேண்டியதுதான். வேரோடு வாங்கி, தண்ணீர்க் குவளையில் நிறுத்தி, மேலே ஒரு பையைக் கவிழ்த்துக் குளிரில் வையுங்கள். ரசத்துக்குக் கறிவேப்பிலையைக் கூட்டிக்கொள்ளலாம். அது கோடையில் காடாகத் தழைக்கும்.

பச்சை மக்காச்சோளம் ஏன் இனிக்கவில்லை?

அது வேறு இனம். டின்னில் வரும் மஞ்சள் இனிப்புச் சோளத்தை நினைத்து வாங்கியிருப்பீர்கள். இங்கே மீலி என்று விற்பது பெரும்பாலும் வெள்ளைச் சோளம். மாவுத்தன்மை அதிகம், மென்று சாப்பிட வேண்டும். நுனி நார் பழுப்பாகி, ஆனால் ஈரப்பசையோடு இருக்க வேண்டும். ஒரு மணியை நகத்தால் கீறினால் பால் வர வேண்டும். பால் வராவிட்டால் முற்றிவிட்டது. மடலை முழுவதும் உரித்துப் பார்க்காதீர்கள், கடைக்காரர் கோபிப்பார். கோபிக்க வேண்டியதுதான், உரித்ததை யார் வாங்குவார்கள்? வாங்கிய அன்றே வேகவையுங்கள். துருவி, பச்சைமிளகாயும் சீரகமும் சேர்த்து அடையாகத் தட்டினாலும் நன்றாக வரும்.

பேரம் பேசலாமா?

கூறுக்கு விலை வைத்திருக்கும் தெருவோர வியாபாரியிடம் நான் பேசமாட்டேன். ஒரு கூறில் அவருக்குக் கிடைக்கும் லாபம் சில்லறைக் காசு. பெட்டியாக, சாக்காக எடுக்கும்போது பேசலாம். இங்கே ‘பாக்கெட்’ என்று சொன்னால் சட்டைப்பை அல்ல, பத்துக் கிலோ உருளைக்கிழங்கோ வெங்காயமோ பிடிக்கும் சாக்கு. தெரியாமல் இரண்டு பாக்கெட் கேட்டால் வீட்டுக்குத் தூக்கிப் போக ஆள் தேட வேண்டும்.

கொசுறு உண்டு. போன்செல்லா என்பார்கள். வாடிக்கையாளர் ஆனபின் கேட்காமலே இரண்டு பச்சைமிளகாயும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் பையில் விழும். முதல் நாளே கேட்டு வாங்குவது அழகல்ல.

அட்டையில் பணம் செலுத்தலாமா? வரி உண்டா?

சனிக்கிழமை உழவர் சந்தைகளில் அட்டை செல்லும். மற்ற இடங்களுக்குச் சில்லறை நோட்டாக ராண்ட் கொண்டுபோங்கள். வார்விக்கில் கூட்டம் நெருக்கும், பணத்தை முன்பையில் வையுங்கள், கைப்பேசியைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள். துணிப்பை இரண்டு அவசியம்.

வரியைப் பொறுத்தவரை, தென்னாப்பிரிக்காவில் மதிப்புக் கூட்டு வரி 2018 முதல் 15 சதவீதம். சமைக்காத, பதப்படுத்தாத காய்கனிக்கு அது பூஜ்யம். அரிசிக்கும் பருப்புக்கும் அப்படியே. டின்னில் அடைத்தால், உலர்த்தினால், ஊறுகாயாக்கினால் வரி சேரும். சூப்பர்மார்க்கெட்டிலும் இதே விதிதான். ஆகவே சந்தை மலிவாக இருப்பதற்கு வரி காரணமல்ல. தட்டும் தாளும் குளிரூட்டலும் வாடகையும் இல்லாததுதான் காரணம்.

வீட்டுக்கு வந்ததும் எதை எங்கே வைப்பது?

எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டியில் திணிப்பதுதான் பொதுவாக நடக்கும் தவறு. தக்காளி, மா, வாழை, முழுப் பூசணி, வெங்காயம், உருளை வெளியில் இருக்கட்டும். வெங்காயமும் உருளையும் ஒரே கூடையில் வேண்டாம். வெண்டைக்காயைக் கழுவாமல் உலர்ந்த துணியில் சுற்றி, பெட்டியின் குளிர் குறைந்த கீழறையில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். அதிகக் குளிரில் கறுப்புப் புள்ளி விழும். கீரையும் லிச்சியும் குளிரில். பழுக்கும் வாழையையும் மாவையும் கீரைக்கு அருகில் வைத்தால் கீரை மஞ்சளாகும். மேலே சொன்ன அதே எத்திலீன் வேலை.

மின்வெட்டு நாட்களில் பெட்டியைத் திறக்காமல் இருந்தாலே சில மணி நேரம் குளிர் நிற்கும். மழையில் நனைந்த காயை ஒருபோதும் அப்படியே பையில் கட்டி வைக்காதீர்கள்.

பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் கிடைக்குமா?

டர்பனைச் சுற்றிக் கரும்புக்குப் பஞ்சமில்லை, நம் முன்னோரைக் கொண்டுவந்ததே அதுதான். ஆனால் ஆலைகள் ஏறத்தாழ ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை ஓடி, ஜனவரியில் ஓய்ந்திருக்கும். வெட்டு இல்லாத மாதம். ஆகவே சந்தை வியாபாரியிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும். வருவது ஆலைக் கரும்பு; ஊர்க் கருங்கரும்பின் மென்மை இருக்காது, பல்லுக்கு வேலை கொடுக்கும். சாலையோர வயலில் இறங்கி ஒடித்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டாம். அதற்குச் சொந்தக்காரர் இருக்கிறார், காவலரும் இருக்கிறார்.

இலையோடு கூடிய மஞ்சள் கொத்துக்குக் கொல்லையில் தோட்டம் வைத்திருக்கும் பழைய குடும்பங்களைக் கேளுங்கள். கோயிலில் விசாரித்தால் வழி தெரியும். வாழையிலையும் அப்படியே.

தைப்பூசக் காவடி சமயத்தில் விலை ஏறுமா?

ஏறும். காவடிக்கு விரதமிருக்கும் வீடுகளில் இறைச்சி நின்று காய்கறி இரட்டிப்பாகும். எலுமிச்சை, தேங்காய், துலுக்கச் சாமந்தி இவை மூன்றும் முதலில் எகிறும். உம்கெனி சாலைக் கோயிலிலும் மற்றக் கோயில்களிலும் நடக்கும் திருநாளுக்கு முந்தைய சில நாட்களில் சந்தைக்குப் போனால் பூக்காரர்களைச் சுற்றி நிற்க இடமிராது. எலுமிச்சையை ஒரு வாரம் முன்பே வாங்கிக் குளிரில் வைத்துவிடலாம், கெடாது. பூவை முந்தின நாள் மாலையில் வாங்குங்கள். அதற்குமுன் வாங்கினால் இந்த வெயிலில் நிற்காது.

ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும் இருப்பவர்கள் என்ன செய்வது?

ஜோகன்னஸ்பர்க்கில் சிட்டி டீப் மொத்தச் சந்தை ஆப்பிரிக்காவிலேயே பெரியது. பதிவு செய்து அட்டையில் பணம் ஏற்றி வாங்க வேண்டும். நாலைந்து குடும்பம் சேர்ந்து பெட்டியாக எடுத்துப் பிரித்துக்கொள்வது அங்கே நல்ல வழி. அதே வளாகத்திலுள்ள மண்டேலா சந்தையில் சிறிய அளவிலும் கிடைக்கும். நம் காய்களுக்கு லெனேஷியாவும் ஃபோர்ட்ஸ்பர்க்கும்.

கேப் டவுனின் பருவமே வேறு: மழை குளிர்காலத்தில், கோடை வறண்டது. பீச், பிளம், திராட்சை அங்கே மலிவு. முருங்கைக்கும் பாகலுக்கும் அலைய வேண்டும். நகரத்துக்குள்ளேயே ஃபிலிப்பி என்ற விவசாயப் பகுதி இருக்கிறது, கீரையும் காயும் அங்கிருந்து வருகின்றன. வார இறுதியில் கிரேஞ்சர் பே கடலோரத்தில் நடக்கும் ஓரஞ்சிக்ட் சந்தை பார்க்க அழகு. பர்ஸைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போய் வரும்போது மாங்காய், முருங்கைக்காய், கறிவேப்பிலைச் செடி கொண்டுவரலாமா?

கூடாது. இந்நாட்டுச் சட்டப்படி செடி, விதை, பச்சைக்காய், பழம் எதையும் முன் அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. விமான நிலையத்தில் எடுத்துவைத்துவிடுவார்கள். காரணம் இல்லாமல் இல்லை: கறிவேப்பிலைத் தளிரில் ஒட்டி வரும் ஒரு சிறு பூச்சி எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்குக் கொடிய நோயைப் பரப்பும். இந்நாட்டு ஆரஞ்சுத் தோட்டங்களை நம்பிப் பல்லாயிரம் குடும்பங்கள் பிழைக்கின்றன. கறிவேப்பிலைக் கன்று வேண்டுமென்றால் சாட்ஸ்வர்த்தில் எந்த வீட்டு வேலியோரமும் பாருங்கள். கேட்டால் வேரோடு பிடுங்கித் தகர டப்பாவில் வைத்துத் தருவார்கள்.